ஏறாத பீருக்கு ஒரு பக்குவம்

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்கக் கூடாது பாருங்கள்.

அமீரகத்தில், புஜைராவில் எங்கள் ரூமில் மூன்று பேர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற யார்டில் கிரேன் ஓட்டுகிறவர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இன்னொருவன் அதே யார்டில் ஸ்டோர் கீப்பர். நான் கேட் ஆபீஸில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவன். ரூமில் வேலையைப் பங்கு போட்டிருந்தோம். அண்ணன் சமைப்பார். ஸ்டோர்க்காரன் பாத்திரம் தேய்ப்பான். நான், சாப்பாடு பிரமாதம் என்று சொல்வேன். மூன்றில் ஒருநாளும் தவறாமல் நடக்கிற வேலை என்னுடையதுதான் என்பார் அண்ணன்.

வாரம் முழுக்க வெயிலில் காய்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் திருவிழா. அண்ணன் மீன் குழம்பு வைப்பார். குழம்பு அடுப்பில் தளதளக்கும்போது ஒரு பீரைத் திறப்பார். ஒன்றே ஒன்று என்று ஆரம்பிக்கிற ஒன்று. அதுவும் எல்லா பீரும் ஆகாது. எப்போதோ ஒரு கப்பல் எஞ்சினியர் கொடுத்துப் பழக்கிவிட்ட பேல் ஏல் என்கிற வகைதான் வேண்டும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசனை. அது அடங்குவதற்குள் வேப்பம்பூ வறுத்த மாதிரி ஒரு கசப்பு. முதல் மடக்கை வாயில் வைத்துக்கொண்டு அண்ணன் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் அவரிடம் கடன் கேட்டால்கூடக் கிடைக்கும்.

போன லீவில் ஊருக்குப் போனவரை அண்ணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டுக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி அங்கே வாயே திறக்கவில்லையாம். திரும்பி வருகிற அன்று திருச்சி ஏர்போர்ட் வாசலில்தான் பேசியிருக்கிறார். சத்தியமெல்லாம் வேண்டாம், குடிக்க மாட்டேன் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்கள், எனக்கு அது போதும் என்றாராம். அண்ணன் சொல்லிவிட்டு வந்தார்.

எங்களிடம் இதைச் சொல்லும்போது, "சத்தியம்னு கேட்டிருந்தாக்கூட எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன்டா" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. சமைத்து இறக்கிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவார். சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். நானும் ஸ்டோர்க்காரனும் தரையில் விரித்த பேப்பருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சாவு வீட்டில் சாப்பிடுகிற மாதிரி சத்தம் வராமல் சாப்பிடுவோம். ஏன் அண்ணே தள்ளிப் போறீங்க என்று ஒருநாள் கேட்டேன். போதையைத் தேடவில்லை என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஒரு கசப்பு இல்லாவிட்டால் உங்களோடு உட்கார்ந்து என்ன பேசுவதென்றே தெரியவில்லை, நாக்கு சும்மா கிடக்கிறது, அதனால் மனசு கெட்டது கெட்டதாக நினைக்கிறது என்றார். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைப் பக்கம் கால் தானாகப் போய்விடுமோ என்று அவருக்கே பயம் இருந்தது. எங்களுக்கு அதைவிட.

சூப்பர் மார்க்கெட்டில் போதையில்லாத பார்லி பானங்கள் வரிசையாக நிற்கும். நான் ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். ஆப்பிள், மாதுளை, ஸ்ட்ராபெர்ரி. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

அப்போதுதான் நான் எழுந்து நின்று, போதை ஏறாத, கசப்பு குறையாத பேல் ஏலை இந்த ரூமிலேயே காய்ச்சிக் காட்டுகிறேன் என்று அறிவித்தேன். ஸ்டோர்க்காரன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இவனுக்கு வெந்நீர் வைத்தால் அடிப்பிடிக்கும் என்று அண்ணனிடம் சொன்னான். உண்மைதான். ஒருமுறை பிடித்திருக்கிறது.

போனில் தேடினால் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். முளைகட்டிய பார்லியைக் காயவைத்து, வறுத்து, வேகவைத்து வடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கசப்பும் மணமும் அந்தப் பூவின் வேலை. இதற்குப் பிறகு ஈஸ்ட் போட்டுப் புளிக்க விட்டால்தான் போதை. அந்தக் கட்டத்துக்கு நாம் போகவே வேண்டாம்.

பார்லியைக் கால்நடைத் தீவனக் கடையில் வாங்கினேன், மூட்டையாக வாங்கினால்தான் தருவேன் என்றான் கடைக்காரப் பட்டாணியன். எத்தனை ஆடு வைத்திருக்கிறாய் என்று இந்தியில் கேட்டான். மூன்று என்றேன். பொய் இல்லை.

ஹாப்ஸ் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அது பழைய மார்க்கெட்டில் ஒரு பாயின் மூலிகைக் கடையில் சும்மா கிடந்தது. பாய் காயல்பட்டினத்துக்காரர். போனில் படத்தைக் காட்டியதும் அரபியில் அதன் பெயரைச் சொன்னார். அதில் ஹஷீஷ் என்று ஒரு துண்டு காதில் விழுந்ததும் நான் வாசலைப் பார்த்து நகர்ந்தேன். பயப்படாதீங்க தம்பி, இங்கே புல் பூண்டுக்கெல்லாம் அப்படித்தான் பேர் என்று சிரித்து, ஒரு டப்பாவைத் திறந்தார். சவுக்குக் காயைப் பச்சைத் தாளில் செய்த மாதிரி, எடையே இல்லாத உலர்ந்த பூக்கள். இங்கே தூக்கம் வராதவர்கள் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம்.

"தூக்கம் வரலையா தம்பி?" என்றார்.

விளக்கம் சொல்லப்போனால் பீர் என்கிற வார்த்தையைப் பாய் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். ஆமாம் பாய், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் வளர்ந்து மரமானது. அடுத்த தடவை இரண்டு மடங்கு கேட்டபோது பாய் கவலைப்பட்டார். அதற்கடுத்த தடவை என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்து, வீட்டில் சண்டையா, ஆபீஸில் தொந்தரவா, எதுவானாலும் படைச்சவனிடம் விட்டுவிட்டுப் படுங்கள் என்று ஆறுதல் சொன்னார். நான் கேட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டார்.

முதல் காய்ச்சலில் பார்லியைத் தோசைக் கல்லில் வறுக்கும்போது யாரோ போனில் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் காப்பிக் கொட்டை. அதையும் விடாமல் காய்ச்சினேன். பொன் நிறத்தில் வர வேண்டியது தார் நிறத்தில் வந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, இதைக் குடிக்கிறதா, ரோட்டில் ஊற்றுகிறதா என்றார்.

இரண்டாவது காய்ச்சலில் நிறம் சரியாக வந்தது. பூவைத்தான் பாயின் கூடுதல் பிடியோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். கசப்பு காதுவரை ஏறியது. அது போகட்டும். மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு, மீன் குழம்பு ஆறிக் கிடக்க, சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தூங்கினோம். பாய் பொய் சொல்கிறவர் அல்ல.

அதன் பிறகு அண்ணனே அடுப்பருகே வந்து நின்றார். வாசனை ஏன் இல்லை என்று கேட்டார். எல்லாப் பூவையும் முதலிலேயே கொட்டிக் கொதிக்க விட்டேன் என்றேன்.

"ரசத்துக்குக் கொத்தமல்லிய எப்பப் போடுவ?"

"நான் எப்ப அண்ணே ரசம் வச்சேன்?"

இறக்கும்போதுதானே போடுவோம், கொதித்தால் மணம் போய்விடாதா என்றார். தாடிக்காரர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள், நான்தான் அந்த இடத்தில் வீடியோவைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கசப்புக்குக் கொஞ்சம் பூவைத் தொடக்கத்தில் போட்டோம், மணத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு ஒரு பிடி போட்டு மூடினோம். மூடியைத் திறந்ததும் ரூம் முழுக்க ஆரஞ்சுத் தோட்டம். அண்ணன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிரவில்லை. ஆவி முகத்தில் அடிக்க அப்படியே நின்றார். நான் பேசாமல் போய் ஹீட்டர் குழாயைத் திறந்தேன். ஜூலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அணைத்து வைத்த ஹீட்டருக்குள் இருப்பதுதான் எங்களுக்குப் பச்சைத் தண்ணீர். வாளியில் பிடித்து, பாத்திரத்தை அதில் இறக்கி ஆற வைத்தோம்.

அன்று சனிக்கிழமை. அண்ணன் ஒரு பக்கம் இட்லி மாவு அரைத்து வைத்திருந்தார். அவர் கை பட்டால் மாவு பொங்கும் என்று பக்கத்து பில்டிங் வரை பேர். குடும்பத்தோடு இருக்கிறவர்கள்கூட மாவைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணே ஒரு கலக்குக் கலக்கிக் கொடுங்க என்பார்கள். மாவைக் கலக்கி முடித்தவர், மேலோட்டமாகக் கழுவிய அதே கையை, வழக்கப்படி, அடியில் தங்கியதைக் கலக்கிவிட என் பாத்திரத்திலும் விட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ராசியான கை ஆயிற்றே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பிரிட்ஜில் மீன் நிறைந்திருந்தது. மாவும் பேல் ஏலும் அடுப்பு மேடையில் பக்கத்துப் பக்கத்தில் தங்கின.

மறுநாள் மதியம் திறந்தால், இரண்டும் பொங்கியிருந்தன. நுரை, நுரை என்று நான் கத்தினேன். அண்ணனுக்கு முதல் டம்ளர். ஒரு மடக்கு வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. எழுந்து நேராகப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார்.

"இதுல இருக்குடா" என்றார்.

கொஞ்சம்தான், மோரில் புளிப்பு ஏறுகிற அளவுதான். ஆனால் அந்த நாக்குக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரத்தைத் தூக்கி அதே தொட்டியில் கவிழ்த்தார். ஈஸ்டே போடவில்லையே என்று நான் புலம்ப, மாவுக்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை என்று ஸ்டோர்க்காரன்தான் சொன்னான். மூன்று பேரும் அண்ணனுடைய வலது கையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, வாயில் வைத்த அந்த நொடியில் அது துப்ப வேண்டிய பொருளாகத் தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துப்பினார் அல்லவா, எனக்கு அதுவே பெரிய தைரியமாக இருந்தது. இனி கொதித்தது கொதித்தபடி, கரண்டியைத் தவிர ஒன்றும் படாமல், ஆறியதும் நேராகப் பிரிட்ஜுக்கு. குடிக்கும்போது மட்டும் சோடா. நுரைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். டீக்கடையில் ஆற்றுவது போல இரண்டு டம்ளரில் உயரத் தூக்கி ஆற்றினால், பார்லித் தண்ணீர் வெள்ளையாக நுரைக்கும். அதன் அடியில் சோடாவைச் சரித்து ஊற்ற வேண்டும். பாதி என் சட்டையில் விழும். மீதி, கண்ணாடி டம்ளரில், பொன் நிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு மடக்குக் குடித்தார். மீசையில் நுரை. கண்ணை மூடினார். தட்டை எடுத்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அண்ணியின் வீடியோ கால் வந்தது.

ஞாயிறு மதியம் அவர் கூப்பிடுவது வழக்கம். குடித்தீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அன்று முகத்துக்குப் பக்கத்தில் டம்ளரும் தெரிந்தது. நான் இத்தனை வாரம் பாடுபட்டது அது பீர் மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே. இருந்தது.

"என்னங்க அது?"

"பார்லித் தண்ணி" என்றார் அண்ணன்.

குடிக்கிறவன் சொல்கிற முதல் பொய்யும் அதுதான் என்பது அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. போனுக்குள் தலையை நீட்டி, "சத்தியமா பார்லித் தண்ணிதான் அண்ணி. போன வாரந்தான் கொஞ்சம் ஏறிடுச்சு, அதைக்கூட அண்ணன் துப்பிட்டாரு" என்றேன்.

கால் துண்டாகிவிட்டது. ஸ்டோர்க்காரன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு அண்ணி வீடியோவில் வரவில்லை. சாதாரணக் காலில் பிள்ளையின் பள்ளிக்கூடம், மோட்டார் ரிப்பேர் என்று நாலு வார்த்தை பேசி வைத்துவிடுவார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றார் அண்ணன். என் பாத்திரத்தின் பக்கமே அவர் வரவில்லை. தட்டு மறுபடியும் கட்டிலுக்குப் போனது. ஒரு சொல்லைக் காப்பாற்றியும் காப்பாற்றாதவனாக ஆகிவிட்டேன், இதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாம் போலிருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பாயிடம் சொன்ன பொய் பலித்துவிட்டது.

ஸ்டோர்க்காரன் லீவில் ஊருக்குப் புறப்பட்டான். அவன் பெட்டியில், பால் பவுடருக்கும் தைலத்துக்கும் நடுவில், பாய் கடை லேபிள் ஒட்டிய ஒரு பொட்டலத்தையும், ஒரு பை பார்லியையும் வைத்தேன். கஸ்டம்ஸில் கேட்டால் தூக்க மருந்து என்று சொல் என்றேன். உன்னை நம்பித்தான் ஒரு குடும்பம் இந்த நிலைமையில் இருக்கிறது என்றான், ஆனாலும் எடுத்துப் போனான். பஸ் பிடித்துப் போய் அண்ணி கையில் கொடுத்துவிட்டு வந்தான். பக்குவம் முழுவதையும் நான் ஆடியோவில் பேசி அனுப்பினேன். அண்ணி, நம்ப வேண்டாம், நீங்களே காய்ச்சிக் குடித்துப் பாருங்கள் என்று முடித்தேன். கேட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து, குழம்பு இறக்குகிற நேரத்துக்கு வீடியோ கால். அண்ணன் கை துடைக்காமலே எடுத்தார். போனில் அண்ணியின் அடுக்களை. அண்ணி கையில் எவர்சில்வர் டம்ளர்.

"ஒரு மணி நேரம் கொதிக்க விடச் சொன்னீங்களே தம்பி, கேஸ் என்ன சும்மாவா வருது. குக்கர்ல வச்சுட்டேன்."

குக்கரில் பேல் ஏல் வைத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். அண்ணி ஒரு வாய் குடித்தார். முகம் அப்படியே சுருங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது.

"இதுக்கா?" என்றார். "இந்தக் கசப்புக்கா இத்தனை வருஷம் என்கூடச் சண்டை போட்டீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி இன்னொரு வாய் குடித்தார். இந்தத் தடவை முகம் சுருங்கவில்லை.

"ஏங்க, இப்ப நான் குடிக்கிறது இந்தப் பார்லித் தண்ணிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "நீதானே சொல்ற" என்றார்.

"ஆமா. நான்தான் சொல்றேன்."

அங்கே ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணி, உங்களுக்கு ஒரு டம்ளர் ஊத்திக்கங்க, ஒத்தையில குடிக்க ஒரு மாதிரியா இருக்கு என்றார்.

நான் பிரிட்ஜுக்கு ஓடினேன். காய்ச்சுவதை நான் நிறுத்தியிருக்கவில்லை, ஒரு பாட்டில் எப்போதும் பின்வரிசையில் இருக்கும். ஆற்றி, சோடா ஊற்றி அண்ணனிடம் கொடுத்தேன். அண்ணி போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து டம்ளரைப் பார்த்தார்.

"ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க தம்பி. கசப்பு நிதானப்படும்."

"உப்புப் போட்டா பீரு கெட்டுப்போயிரும்மா" என்று அண்ணன் பதறிச் சொல்லிவிட்டு, பீரு என்று சொன்னது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கெடட்டும்" என்றார் அண்ணி.

நான் போட்டேன். சோடாவில் உப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று டவுசர் போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும், இருந்தும் ஒரு சிட்டிகைக்கு ஒரு விரல் கூடுதலாகவே போட்டுவிட்டேன். நுரை டம்ளரை விட்டு எழுந்து, அண்ணன் விரல்களில் வழிந்து, தரையில் விரித்திருந்த பேப்பரில் சொட்டி ஓடி, மீன் குழம்பைத் தொட்டது. போனில் அண்ணி சிரிக்கிற சத்தம். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் தரையில் உட்கார்ந்தார். வழிவதைத் துடைக்காமல், மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று போனைப் பார்த்துச் சொன்னார்.